கண் அளவு வராத பிள்ளைக்கு: 22 குறிப்புகள்

என் மகள் இரண்டரை வயதிலேயே பெரிய மனுஷி மாதிரி முழு வாக்கியமாகப் பேசினாள். நாலு வயதில் தாத்தா கையில் இருக்கும் தினசரியின் தலைப்புகளை எழுத்துக்கூட்டாமல் வாசித்தாள். ஏழு வயதில் சட்டையை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பி நின்றாள். ஒன்பது வயதில், தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு வரும் வழி தெரியாமல் கடை வாசலிலேயே அழுதுகொண்டிருந்தாள். "இவ்வளவு வாய் பேசுற பிள்ளைக்கு இதுகூடவா வராது? எல்லாம் சோம்பேறித்தனம்" என்று பள்ளியில் சொன்னார்கள். நானும் நம்பினேன். அடித்தும் இருக்கிறேன். அந்த அடிகளை அவள் மறந்துவிட்டாள், என்னால் முடியவில்லை.

பதினோரு வயதில்தான் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தது: சொல்சாராக் கற்றல் குறைபாடு. இப்போது அவளுக்கு 25 வயது. சென்னையில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறாள். இடையில் உள்ள வருடங்களில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் பெயரைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 'நான்வெர்பல்' என்றதும் பேச்சு வராத குழந்தை என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். விஷயம் நேர் எதிர். பேச்சு, மனப்பாடம், வாசிப்பு எல்லாம் வயதுக்கு மீறி வரும். இடம், வடிவம், தூரம், திசை ஆகியவற்றைப் பார்த்துப் புரிந்துகொள்வதில்தான் சிக்கல். அதிலிருந்துதான் கணக்கு, கையெழுத்து, பட்டன் போடுவது, எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பை அறிவது என்று ஒவ்வொன்றாகத் தடுக்கும். நன்றாகப் பேசுவதாலேயே இந்தப் பிள்ளைகளின் கஷ்டத்தை யாரும் நம்புவதில்லை. வட அமெரிக்கச் சிறுவர்களில் 100-க்கு 3 முதல் 4 பேருக்கு இது இருக்கலாம் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஒரு வகுப்புக்கு ஒரு பிள்ளையாவது இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2. டாக்டர் சீட்டில் இந்தப் பெயர் இல்லாவிட்டால் கலங்க வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஹெல்மர் மைக்கிள்பஸ்ட் 1960-களிலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். கனடாவின் விண்ட்சர் பல்கலைக்கழகத்தில் இருந்த பைரன் ரூர்க் 1989-இல் இதற்கென்றே ஒரு நூல் கொண்டுவந்தார். ஆனாலும் 2013-இல் வெளியான டி.எஸ்.எம்.-5 என்ற மனநோய்க் கையேட்டில் இது தனிக் குறைபாடாக இடம்பெறவில்லை. பார்வையும் இட உணர்வும் சார்ந்த வளர்ச்சிக் குறைபாடு என்று பெயரை மாற்றிச் சேர்க்கச் சொல்லி, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முயன்று வருகிறார்கள். அதுவரை ஒரு டாக்டர் 'டிஸ்கால்குலியா' என்பார், ஒருவர் 'டிஸ்பிராக்ஸியா' என்பார், இன்னொருவர் கவனக்குறைவு என்றோ லேசான ஆட்டிசம் என்றோ சொல்வார். இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும். ஒவ்வொரு சீட்டையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள்.

3. கண் பரிசோதனையை முடித்துக்கொண்டு மருத்துவ உளவியலாளரிடம் போங்கள். அறிவுத்திறன் சோதனையில் மொத்த எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். நம் நாட்டில் வெக்ஸ்லர் சோதனையைத் தழுவி மாலின் அமைத்த சோதனையைப் பல இடங்களில் செய்கிறார்கள். அதில் பேச்சு சார்ந்த பகுதி ஒன்று, கட்டைகளை அடுக்குவது, துண்டுகளைச் சேர்ப்பது போன்ற செயல் சார்ந்த பகுதி ஒன்று. என் மகளுக்கு முதலாவதில் 122, இரண்டாவதில் 84. இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் 103. "நார்மல்தான், கவலைப்படாதீங்க" என்று முதலில் போன இடத்தில் அனுப்பிவிட்டார்கள். அந்த 103-க்குள் ஒளிந்திருந்த 38 புள்ளி இடைவெளியைப் பார்க்க இன்னொரு டாக்டரும் இரண்டு வருடமும் தேவைப்பட்டன. பகுதிவாரி மதிப்பெண்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

4. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் ஒன்று. அதன் விளக்கத்தில் புலனுணர்வுக் குறைபாடு, டிஸ்கால்குலியா, டிஸ்பிராக்ஸியா என்ற சொற்கள் இருக்கின்றன. நம் பிள்ளைக்குப் பொருந்துவதை அந்தச் சொற்களிலேயே எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் (சி.பி.எஸ்.இ.யில் 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம்), சொல்லச் சொல்ல எழுதும் உதவியாளர் போன்ற சலுகைகளுக்கு இந்தத் தாள்தான் ஆதாரம். பத்தாம் வகுப்பில் ஓடிப் பயனில்லை, எட்டாம் வகுப்பிலேயே ஆரம்பியுங்கள். சென்னை தியாகராய நகரில் உள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் ஆகிய இரண்டு இடங்களிலும் விசாரிக்கலாம்.

5. 'இங்கே பாரு, இப்படிப் பண்ணு' என்பதை வீட்டில் எல்லோருமாக நிறுத்துங்கள். இந்தப் பிள்ளைக்குச் செய்து காட்டுவது பாதிதான் போய்ச் சேரும். வாயால் சொன்னால் முழுதும் போய்ச் சேரும். எங்கள் வீட்டில் இதை முதலில் கண்டுபிடித்தது என் மாமியார். பட்டன் போடப் பழக்க நான் ஒரு மாதம் செய்து செய்து காட்டியும் வரவில்லை. அவர் ஒரு நாள் காலையில் கண்ணை மூடி ஜபம் பண்ணிக்கொண்டே, "கண்ணு, கீழேருந்து ஆரம்பி. சட்டை ரெண்டு நுனியையும் ஒண்ணா சேர்த்துப் பிடி. கீழ் பட்டன், கீழ் ஓட்டை. ஒரு விரல் மேலே போ. அடுத்த பட்டன், அடுத்த ஓட்டை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாவது நாள் அவள் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு ஐந்து பட்டனையும் போட்டுவிட்டாள். அந்த முணுமுணுப்பைத் தடுக்காதீர்கள். கல்லூரி வரை அது அவளுக்கு ஊன்றுகோலாக இருந்தது.

6. செருப்பு மாறிப் போகிறதா? இரண்டு செருப்பின் உள்பக்க ஓரத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். "புள்ளியும் புள்ளியும் ஒட்டி நிற்கணும்." லேஸ் கட்டும் ஷூவுக்குப் பதில் ஒட்டும் பட்டை வைத்த ஷூ வாங்கிவிடுங்கள். லேஸ் கட்டத் தெரியாமல் யாருடைய வாழ்க்கையும் நின்றுவிடாது.

7. இடது, வலது என்று சொன்னால் குழம்புகிற பிள்ளைக்கு நம் ஊர்ப் பேச்சிலேயே மருந்து இருக்கிறது. சோத்தாங்கை, பீச்சாங்கை. கை செய்கிற வேலையே பெயராக இருப்பதால் யோசிக்க வேண்டியதில்லை. "சோத்தாங்கைப் பக்கம் திரும்பு" என்றால் என் மகள் இன்றும் பட்டென்று திரும்புவாள், "வலது பக்கம்" என்றால் ஒரு நொடி நிற்பாள். வெளியிடத்தில் சொல்லக் கூச்சப்படும் வயது வந்ததும் வாட்ச் கட்டும் கை, கட்டாத கை என்று மாற்றிக்கொண்டோம்.

8. அலமாரித் தட்டுகளில் என்ன இருக்கிறது என்று படம் ஒட்டாமல் எழுதி ஒட்டுங்கள். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்து சாமானை இடம் மாற்றினால், எது எங்கே போனது என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

9. கணக்கு நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏழும் எட்டும் எவ்வளவு என்று கேட்டால் பதினைந்து என்று கேட்டு முடிப்பதற்குள் சொல்லுவாள். பதினாறாம் வாய்பாடு வரை தலைகீழாகத் தெரியும். அவள் மூன்றாம் வகுப்பு நோட்டில் 47-ஐயும் 38-ஐயும் கூட்டி 427 என்று எழுதியிருந்தது. மேலே சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. அவளைத் திட்டிவிட்டுத் தூங்க வைத்தேன். இரவில் அந்த நோட்டை மறுபடி எடுத்து உற்றுப் பார்த்தேன். 38 ஓர் இலக்கம் இடப்பக்கம் தள்ளிப்போய், 4-க்குக் கீழே 8 வந்து நின்றிருந்தது. 7-க்குக் கீழே ஒன்றுமில்லை. ஏழை அப்படியே இறக்கி, நாலும் எட்டும் பன்னிரண்டு என்று கூட்டி, மீதி ஒன்றை மூன்றோடு சேர்த்திருக்கிறாள். கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. எண்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.
மறுநாளே கோடு போட்ட நீள நோட்டைப் பக்கவாட்டில் திருப்பிக் கொடுத்தேன். கோடுகள் நெட்டுக்குத்தாக நிற்கும். ஒரு சந்துக்கு ஓர் இலக்கம். தலைப்பில் நூறு, பத்து, ஒன்று என்று எழுதிவிட வேண்டும். கட்டம் போட்ட நோட்டும் வாங்கிப் பார்த்தோம், அவளுக்குக் கட்டங்களே கூட்டமாகத் தெரிந்தன. ஒரு பக்கத்துக்கு நாலு கணக்குக்கு மேல் வேண்டாம். செய்கிற கணக்கைத் தவிர மற்றவற்றை ஒரு தாளால் மூடி வைக்கலாம். படம் வரைந்து விளக்கினால் புரியும் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் படம் இன்னொரு புதிராகிவிடும். கணக்கைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்ல வைப்பதுதான் எங்களுக்குப் பலித்தது.

10. முள் கடிகாரத்தோடு போராட வேண்டாம். எண் காட்டும் வாட்ச் கட்டிவிடுங்கள். ஆனால் மணி தெரிவது வேறு, நேரம் எவ்வளவு நீளம் என்று தெரிவது வேறு. "அரை மணியில் கிளம்பணும்" என்றால் பிடிபடாது. "ஒரு சீரியல் ஓடுற நேரம்" என்றால் பிடிபடும்.

11. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது நிமிர்ந்து, குனிந்து, மறுபடி வரியைத் தேடுவதற்குள் ஆசிரியர் அழித்துவிடுவார். பக்கத்துப் பிள்ளையின் நோட்டை நகலெடுக்க அனுமதி கேளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே தட்டச்சு பழக்கலாம். கையெழுத்தைத் திருத்த ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

12. வரைபடத்தைக் கதையாக மாற்றுங்கள். தமிழ்நாட்டுக் கடற்கரையை நாங்கள் ஒரு பஸ் பயணமாகச் சொல்லிச் சொல்லிப் படித்தோம்: சென்னையில் ஏறு, கடலை பீச்சாங்கைப் பக்கம் வைத்துக்கொள், புதுச்சேரி, கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி, கன்னியாகுமரியில் இறங்கு. பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் வரைபடக் கேள்வியில் அவள் குறித்த ஊர்கள் கொஞ்சம் உள்ளே வெளியே தள்ளி இருந்தாலும் வரிசை மாறவில்லை.

13. கோலம் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மார்கழியில் எங்கள் தெருவில் எல்லாப் பெண் குழந்தைகளும் புள்ளிக் கோலம் போடும்போது இவள் மட்டும் கோலமாவு டப்பாவோடு நின்று அழுவாள். நேர்ப்புள்ளி எது, ஊடுபுள்ளி எது என்று கண்ணில் நிற்காது. என் மாமியார்தான் சொன்னார்: "நான் கோலம் போடறேன், நீ பக்கத்துல உட்கார்ந்து திருப்பாவை சொல்லு." முப்பதும் அவளுக்கு மனப்பாடம். அதிகாலை இருட்டில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து அவள் கணீரென்று சொல்ல, தெருவில் மற்ற வீட்டுப் பாட்டிகளும் வந்து நிற்பார்கள். அழுகை அந்த வருடத்தோடு நின்றது. பிள்ளைக்கு வராததைத் தெருவே பார்க்கிற மாதிரி செய்யவைக்காதீர்கள். வருவதைத் தெருவே கேட்கிற மாதிரி செய்யவையுங்கள். விரல்களுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் பல்லாங்குழி நல்லது, வாயால் எண்ணிக்கொண்டே விளையாடலாம்.

14. சைக்கிளுக்கு அவசரம் வேண்டாம். இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, காலால் தரையைத் தள்ளித் தள்ளிப் போகவிட்டால் முதலில் சமநிலை வரும், பிறகு பெடலைப் பூட்டலாம். என் மகள் பதிமூன்று வயதில் கற்றுக்கொண்டாள், அதுவும் மைதானத்தில் மட்டும். வருகிற வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் கணிப்பது இவர்களுக்கு மிகவும் கஷ்டம். சிக்னல் இருக்கிற இடத்தில் மட்டும் சாலையைக் கடப்பது, இல்லாவிட்டால் பெரியவர் யாராவது கடக்கும்போது கூடவே கடப்பது என்று கறாராக விதி போடுங்கள். ஸ்கூட்டர் இல்லாமல் வாழ முடியும். இதில் நான் பழமைவாதி என்று என் தம்பி சொல்லுவான், சொல்லட்டும்.

15. பஸ்ஸில் தனியாக அனுப்பும் முன் வழியை எழுத்தில் கொடுங்கள். எங்கள் ஊர் 1-ஆம் நம்பர் பஸ்ஸுக்கு அவள் டயரியில் இப்படி எழுதினோம்: ராஜகோபுரம், அம்மா மண்டபம், மாம்பழச்சாலை, காவிரிப் பாலம், பாலம் முடிந்ததும் எழுந்து வாசல் பக்கம் வா, சத்திரத்தில் இறங்கு. இரண்டு வாரம் நான் அதே பஸ்ஸில் நாலு சீட் பின்னால் உட்கார்ந்து போனேன். எல்லாம் சரியாகச் செய்தாள். மூன்றாவது வாரம் தனியாகப் போனவள், திரும்பி வரத் தெரியாமல் சத்திரம் பஸ் நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறாள். போன வழியைத் திருப்பிப் போட்டால் வரும் வழி என்று நமக்குத் தோன்றுவது அவளுக்குத் தோன்றாது. எதிர்த்திசையில் அதே தெரு வேறு தெரு. வரும் வழியைத் தனியாக எழுதி, அதையும் தனியாகப் பழக்குங்கள். எந்தப் பக்கம் நின்று பஸ் ஏற வேண்டும், எந்தக் கடைப் பலகைக்கு முன்னால் என்பது வரை எழுதுங்கள்.

16. முகத்தைப் படிக்கத் தெரியாததால் நட்பில் அடி விழும். கிழிந்த நோட்டைப் பார்த்து, "ஆஹா, ரொம்ப அழகா வெச்சிருக்கே" என்று ஒரு தோழி சொன்னபோது இவள் சந்தோஷமாக நன்றி சொன்னாள். வகுப்பே சிரித்தது. ஏன் சிரித்தார்கள் என்று இரவு எட்டு மணிக்கு என்னிடம் கேட்டாள். அன்று ஆரம்பித்த பழக்கம்: தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், பள்ளியில் யார் என்ன சொன்னார்கள், எந்தக் குரலில் சொன்னார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று பேசுவோம். இன்னொன்றும் செய்தோம். வடிவேலு காமெடிக் காட்சிகளைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிட்டு, நடுவில் நிறுத்தி, "இப்ப அவருக்குக் கோபமா, பயமா, அவமானமா?" என்று கேட்போம். முதலில் பத்தில் மூன்றுதான் சரியாகச் சொன்னாள். புருவம் இப்படி, உதடு இப்படி என்று வார்த்தையில் சொல்லப் பழகியதும் தேறினாள்.

17. கல்யாண மண்டபம், புதுப் பள்ளி, புது வீடு எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள், மனதுக்குள் ஒரு வரைபடத்தைச் சொற்களால் வரைந்துகொண்டிருக்கிறார்கள். பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் அனுமதி வாங்கி, வாசலிலிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து கழிவறை, தண்ணீர்க் குழாய் என்று நடந்து பழக்கினால் பாதி பயம் போய்விடும்.

18. பெண் குழந்தையானால் மாதவிடாய்க்கு முன்பே, உறை பிரிப்பதிலிருந்து நாப்கினின் எந்த முனை முன்பக்கம், ஒட்டும் பகுதி எந்தப் பக்கம் என்பது வரை வார்த்தையால் சொல்லிப் பழக்குங்கள். இதை நான் தாமதமாகச் செய்தேன், அவள்தான் பள்ளியில் அவஸ்தைப்பட்டாள்.

19. பதின்ம வயதில் மனதைக் கவனியுங்கள். மற்ற பிள்ளைகள் பார்வையாலும் சாடையாலும் பேசத் தொடங்கும் வயது அது. இவர்கள் வெளியே நின்றுவிடுவார்கள். பதற்றமும் மனச்சோர்வும் இந்தக் குறைபாட்டோடு அடிக்கடி வருகின்றன. என் மகள் ஒன்பதாம் வகுப்பில் மூன்று மாதம் பள்ளிக்குப் போகவில்லை. மனநல மருத்துவரிடம் போனதைச் சொந்தக்காரர்களிடம் மறைத்தேன். மறைத்திருக்க வேண்டியதில்லை. இப்போது 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். பிள்ளை "எனக்கு வாழவே பிடிக்கலை" என்றால், நன்றாகப் பேசுகிற பிள்ளை ஏதோ வசனம் பேசுகிறது என்று ஒரு நாளும் எண்ணாதீர்கள். அன்றே கூட்டிப் போங்கள்.

20. பதினொன்றாம் வகுப்பில் கணிதம் இல்லாத பிரிவு என்று வணிகவியலில் சேர்த்துவிடுவார்கள். அதில் கணக்குப் பதிவியல் இருக்கிறது, பக்கம் முழுக்கப் பத்தி பத்தியாக எண்கள். நாங்கள் சேர்த்து, அரையாண்டுக்குப் பிறகு மாற்றினோம். வரலாறு, மொழி, அரசியல் அறிவியல் பக்கம் பாருங்கள். பத்தாம் வகுப்பிலேயே கணிதம் தடையாக நின்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியையும் விசாரியுங்கள், அங்கே பாடங்களைத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு.

21. சமையல் கற்றுக்கொடுக்கும் அம்மாக்களுக்கு இது. நம் சமையல் மொழியே கண்ணை நம்பி இருக்கிறது. "கண் அளவா போடு", "பதம் பார்த்து இறக்கு", "பொன்னிறமா வந்ததும்..." இவை எதுவும் என் மகளுக்கு உதவவில்லை. ஆகவே கண் அளவைக் காது அளவாகவும் மூக்கு அளவாகவும் மாற்றி, ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். கடுகு வெடிக்கும் சத்தம் ஓய்ந்ததும் வெங்காயம். வெங்காயத்துக்குப் பச்சை வாசனை போகும்வரை, சிறு தீயில் ஏழு நிமிடம். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று வந்து உடனே அடங்க வேண்டும், மாவை நடுவில் ஊற்றி வெளியே வெளியே சுற்ற வேண்டும், நாற்பது எண்ணித் திருப்ப வேண்டும். உப்புக்கு ஒரே ஸ்பூன், அரிசிக்கு ஒரே ஆழாக்கு, அவற்றை வேறு யாரும் எடுக்கக் கூடாது. காய் நறுக்கக் கயிறு இழுத்துச் சுற்றும் சாப்பர் வாங்கிக் கொடுத்தேன்.
இன்னொரு தொல்லையை நான் எதிர்பார்க்கவில்லை. மிச்சக் குழம்பை எந்தப் பாத்திரத்துக்கு மாற்றினால் கொள்ளும் என்று அவளுக்குத் தெரியாது. வழிய வழிய ஊற்றிவிட்டு நிற்பாள், அல்லது அரை டம்ளர் ரசத்தைக் குண்டானில் வைப்பாள். எல்லாப் பாத்திரத்தின் வெளிப்பக்கத்திலும் அரை லிட்டர், ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று அழியாத மையால் எழுதிவிட்டேன். வந்த விருந்தாளிகள் விசாரித்தார்கள். அவள் அறை வாடகைக்கு எடுத்துத் தனியாகப் போனபோது முதலில் கேட்டு வாங்கிப் போனவை அந்தப் பாத்திரங்கள்தான்.

22. வேலையிலும் வெளியூரிலும். புதிய வேலையில் சேர்ந்த முதல் வாரமே அவள் மேலாளரிடம் சொன்னது இவ்வளவுதான்: "வாயால் சொன்னாலும் எழுதிக் கொடுத்தாலும் உடனே பிடித்துக்கொள்வேன். பலகையில் படம் வரைந்து காட்டினால் எனக்குப் புரியாது. என் மேல் அதிருப்தி இருந்தால் வெளிப்படையாகச் சொல்லுங்கள், முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்ள மாட்டேன்." நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். தேவையைச் சொல்லிவிட வேண்டும். இப்போது வரன் பார்க்கிறோம். அங்கேயும் முதல் சந்திப்பிலேயே இதே வாக்கியங்களைச் சொல்கிறாள். இரண்டு இடம் தட்டிப் போனது, மூன்றாவது இடத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.
வழி தவறினால் அவளுக்கு எங்கள் வீட்டு விதி ஒன்றுதான்: நடக்காதே, நின்ற இடத்தில் நின்று போன் பண்ணு. போன மாதம் சென்னை மெட்ரோவில் வேறு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு அழைத்தாள். குரல் நடுங்கியது. போனில் மேப்பைத் திறந்தால் நீலப் புள்ளி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவளுக்கு விளங்காது. எங்கே நிற்கிறாய் என்று நான் கேட்கவில்லை. "எதிர்ல என்ன எழுதியிருக்கு? படி" என்றேன். ஒரு மருந்துக்கடைப் பெயரைப் படித்தாள். "சோத்தாங்கைப் பக்கம் திரும்பு. இப்ப என்ன எழுதியிருக்கு?" ஒரு வங்கி. "இன்னும் கொஞ்சம் திரும்பு." ஒரு துணிக்கடை, ஒரு ஜூஸ் கடை, தெருவின் பெயர்ப் பலகை. அந்தத் தெருப் பெயரைப் படித்ததும் அவள் குரல் மாறியது. "அம்மா, இந்தத் தெரு என் லிஸ்ட்ல இருக்கும்மா. ஜூஸ் கடை தாண்டி மூணாவது சந்து. நான் போயிடுவேன், நீ வை."